தரவுத்தளத்தை எத்தனை நொடிக்கு ஒருமுறை பார்ப்பது?

கடந்த மூன்று வாரங்களாக எங்கள் பில்லிங் திரை ஒருமுறைகூட உறைந்து நிற்கவில்லை என்பதால் துணிந்து இதை எழுதுகிறேன். கோவையில் மோட்டார், பம்பு உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழுதைச் சரிசெய்த மாற்றம் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அந்தப் பழுதைக் கண்ணால் பார்ப்பதற்கே எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. தரவுத்தளத்தின் நிலையை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சேகரிக்க வேண்டும் என்பதை நான் அடுத்தடுத்துத் தவறாக முடிவுசெய்ததுதான் அதற்குக் காரணம். முதலில் மிக அரிதாகச் சேகரித்தேன். பிறகு மிக அடிக்கடி சேகரித்தேன். அந்த இரண்டாவது தவறு பில்லிங்கையே சில நிமிடங்கள் நிறுத்திவிட்டது.

சர்வரின் விவரம் இது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 14ஆம் பதிப்பு, 8 கோர், 32 ஜிபி நினைவகம், ஒன்றுக்கொன்று நகலாக இயங்கும் இரண்டு எஸ்எஸ்டி. தரவு 180 ஜிபி. பில் விவரங்கள் மாதவாரியாகத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அட்டவணைகளின் எண்ணிக்கை மட்டும் 2,400ஐத் தாண்டும். இந்த எண்ணிக்கை பின்னால் தொல்லை கொடுத்தது. ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இணைப்புகள் வழக்கமாக 64 வரை இருக்கும். அதிகபட்சம் எத்தனை என்பதை யாரும் மாற்றவில்லை, அதாவது போஸ்ட்கிரெஸ் தானாக வைத்துக்கொள்ளும் 100. அதிலும் 3 இணைப்புகள் நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், மற்றவர்களுக்குக் கிடைப்பது 97.

புகார் எளிமையானது. நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை பில்லிங் திரை 15 முதல் 40 நொடி வரை அப்படியே நின்றுவிடும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். "தம்பி, மறுபடி நின்னுபோச்சு, கடையில பத்துப் பேரு நிக்கிறாங்க" என்று கவுன்டரில் இருக்கும் அக்கா தொலைபேசியில் அழைப்பார். நான் கணினியைத் திறந்து உள்ளே நுழைவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். "அக்கா, இங்கே ஒண்ணும் தெரியலையே" என்று நான் சொல்லாத வாரமே இல்லை.

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லைதான். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த ஒரு சிறு நிரல், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, இணைப்புகளின் எண்ணிக்கை, சிபியு, நினைவகத்திலிருந்தே கிடைத்த பக்கங்களின் விகிதம், தரவின் மொத்த அளவு ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பைக் கொண்டு வரைபடம் போட்டால் கோடுகள் அமைதியாக, ஏறத்தாழ நேராக ஓடும். 20 நொடி நிற்கும் ஒன்றை 300 நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் பதினைந்தில் ஒரு வாய்ப்புதான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு நான்கு முறை நிற்கிறது என்றால், நான்கு நாளைக்கு ஒருமுறையாவது நிரல் அதில் இடறி விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து வாரக் கோப்பில் ஒரு தடயம்கூட இல்லை. இந்த முரண்பாட்டை அப்போதே பிடித்துக்கொண்டு யோசித்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். இடைவெளி போதவில்லை என்று மட்டும் முடிவுகட்டி, 5 நிமிடத்தை 1 நிமிடம் ஆக்கினேன். பத்து நாள் காத்திருந்தேன். அப்போதும் ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பத்து நாளில் கவனிக்கத் தவறிய இன்னொன்றும் உண்டு. இயங்குதளம் தன் பங்குக்குத் தனியாகச் சேர்த்துவைத்திருந்த சிபியு கணக்கில், திரை நின்ற நிமிடங்களில் பயன்பாடு குறைந்திருந்தது. திரை நிற்கிறது என்றால் சுமை ஏறியிருக்கும் என்ற எண்ணத்தில் மேடுகளையே தேடிக்கொண்டிருந்தேன். பள்ளங்களை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரு பூட்டுக்காக (ஒருவர் பயன்படுத்தும் அட்டவணையில் மற்றவர் குறுக்கிடாமல் தரவுத்தளம் போடுவது) காத்து நின்றால் சிபியுவுக்கு வேலை இருக்காது என்பது பின்னால் யோசித்தால் எவருக்கும் தெரியும்.

அடுத்து செய்ததுதான் பெரிய தவறு. தனியாக ஒரு கண்காணிப்பு இயந்திரம் வாங்கினேன்: 16 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மினி பிசி ரூ.14,500, அதில் போட 500 ஜிபி எஸ்எஸ்டி ரூ.3,200. எண்களைச் சேகரித்து வைக்கும் புரொமீதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபனா இரண்டும் இலவசம். தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்துக்கொடுக்கும் நிரலை நானே பைத்தானில் எழுதினேன். புரொமீதியஸில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இடைவெளி 1 நிமிடம். அதனுடன் வரும் மாதிரிக் கோப்பில் 15 நொடி என்று இருக்கும். நான் எரிச்சலில் இருந்தேன். எல்லாவற்றுக்கும் 1 நொடி என்று போட்டேன். இணைப்புகள், வினவல்களின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளின்) புள்ளிவிவரங்கள், ஒவ்வோர் அட்டவணையின் அளவு என எதையும் விடவில்லை.

முதல் நாள் மாலை கணக்குப் பார்த்தபோது சற்றுத் திகைத்தேன். வினவல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு, அட்டவணை ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு என்று மொத்தம் ஏறத்தாழ 12,000 கோடுகள் இருந்தன. நொடிக்கு ஒரு புள்ளி என்றால் நாளொன்றுக்கு 103 கோடிப் புள்ளிகள். புரொமீதியஸ் ஒரு புள்ளியைச் சராசரியாக 1 முதல் 2 பைட்டுக்குள் அடக்கிவிடும் என்பதால் அது 1 முதல் 2 ஜிபி வரைதான், வட்டு தாங்கும். தாங்காதது சர்வர்தான். கடிகாரம் வைத்து ஒவ்வொரு வினவலையும் அளந்தேன். தற்போது யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி 3 மில்லிநொடிக்குள் முடிந்தது. வினவல்களின் மொத்தக் கணக்கை வைத்திருக்கும் பிஜி-ஸ்டாட்-ஸ்டேட்மென்ட்ஸ் 40 மில்லிநொடி எடுத்தது. அது இயல்பாக 5,000 வினவல்கள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் அவற்றின் எழுத்து வடிவத்தைத் தனிக் கோப்பில் வைத்திருப்பதால் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பையும் படிக்க வேண்டியிருக்கிறது. அட்டவணை அளவுகளைக் கேட்கும் வினவல் 400 மில்லிநொடி. நாளுக்கு ஒருமுறைகூட மாறாத ஓர் எண்ணுக்காக, ஒவ்வொரு நொடியிலும் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு கோர் செலவிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை 11.15க்குத் திரை உறைந்தது. இம்முறை அது தானாக விடவில்லை. 'இணைப்புகள் நிரம்பிவிட்டன' என்ற பிழைச் செய்தி எல்லாக் கவுன்டர்களிலும் வந்தது. நான் கண்காணிப்பு நிரலை நிறுத்தும்வரை யாராலும் பில் போட முடியவில்லை. கிராஃபனாவைத் திறந்து பார்த்தால், சரியாக அந்த நேரத்தில் வரைபடத்தில் கோடே இல்லை, வெறும் இடைவெளி. எதைப் பார்ப்பதற்காக இத்தனையும் செய்தேனோ அந்த நொடிகள் மட்டும் பதிவாகவில்லை.

நடந்தது இதுதான். ஓர் அட்டவணையின் அளவைக் கேட்கும் செயல்கூறு, அந்த அட்டவணையின்மேல் வாசிப்புப் பூட்டு ஒன்றைச் சிறிது நேரம் வாங்கிக்கொள்கிறது. அது பூட்டுகளிலேயே மிக மென்மையானது. சாதாரண நேரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் முழுமையான தனிப்பூட்டு கேட்டு யாராவது வரிசையில் நின்றுகொண்டிருந்தால், அவருக்குப் பின்னால் வரும் மென்மையான பூட்டுகளும் நின்றுதான் ஆக வேண்டும். என் அளவெடுக்கும் வினவல் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது. புரொமீதியஸில் காத்திருக்கும் காலம் சேகரிக்கும் இடைவெளியைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்பதால், 1 நொடி கழிந்ததும் அது சலித்துப்போய் அடுத்த கேள்வியை அனுப்பியது. என் நிரலோ கைவிடப்பட்ட பழைய வினவலை ரத்து செய்யாமல், புதிய இணைப்பு ஒன்றைத் திறந்து அதே கேள்வியை மறுபடி கேட்டது. நொடிக்கு ஓர் இணைப்பு. 64உம் 33உம் 97. முப்பத்து மூன்றாவது நொடியில் கதவு அடைபட்டது. வேவு பார்க்கப் போனவன் வாசலை மறித்துக்கொண்டு நின்ற கதை.

அன்று மதியம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ஒரு 40 பக்க நோட்டை எடுத்து நீட்டினார். இரண்டு மாதமாகத் திரை நின்ற நேரங்களைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறார். 10.15, 11.30, 12.45, 4.15, மறுநாள் 11.15, 12.00, 5.30. எனக்கு முகம் சூடேறியது. எல்லாமே கால்மணிக் கணக்கு. என் கிரான் நிரல்கள் எதுவும் காட்டாததை நீல மையில் எழுதிய அந்தப் பக்கம் காட்டியது.

கால்மணிக்கு ஒருமுறை ஓடும் வேலை எங்களிடம் ஒன்றுதான் உண்டு. கிடங்கிலிருந்து வரும் இருப்புக் கோப்பை உள்ளே ஏற்றி, பிறகு, விடையை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்துவைக்கும் 'இருப்புச் சுருக்கம்' என்ற மெட்டீரியலைஸ்டு வியூவைப் புதுப்பிக்கும் வேலை. பில்லிங் திரை ஒவ்வொரு பொருளுக்கும் கையிருப்பைக் காட்ட அந்தச் சுருக்கத்தைத்தான் படிக்கிறது.

மறுநாள் காலை 11.14க்குக் கறுப்புத் திரையில் போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளையிடும் பிஎஸ்கியூஎல்லைத் திறந்து, பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டியைக் கேட்கும் வினவலைத் தட்டச்சு செய்து, வாட்ச் கட்டளையுடன் நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டு உட்கார்ந்தேன். 11.15.00க்கு ஒன்றுமில்லை. இறக்குமதி வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 11.15.08க்கு இறக்குமதி முடிந்து, புதுப்பிக்கும் கட்டளை தோன்றியது. அதன் அருகில் காத்திருப்பு வகை 'பூட்டு' என்று எழுதியிருந்தது. அடுத்த நொடி அதற்குக் கீழே மூன்று பில்லிங் வினவல்கள், எல்லாம் பூட்டுக்காகக் காத்திருந்தன. அடுத்த நொடி ஏழு. பதினைந்து. திரை நிரம்பி உருளத் தொடங்கியது. 11.15.31க்கு ஒரே மூச்சில் எல்லாம் மறைந்தன. இரண்டு மாதம் தேடியது 23 நொடியில் கண்முன் வந்துபோனது.

பழைய நிரல்கள் ஏன் இதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கிரான் எப்போதும் நிமிடத்தின் பூஜ்ஜியமாவது நொடியில்தான் வேலையைத் தொடங்கும். என் சேகரிப்பும் பூஜ்ஜியத்தில். இருப்பு வேலையும் பூஜ்ஜியத்தில். உறைவு தொடங்குவதோ எட்டாவது நொடியில். உறைவுக்குக் காரணமான அறிக்கை வினவல்களுக்கு 45 நொடி என்று கால வரம்பு வைத்திருந்ததால், எட்டாவது நொடிக்கு முன் தொடங்கிய எந்த அறிக்கையும் 53ஆவது நொடிக்குள் ஓய்ந்துவிடும். அதன்பின் புதுப்பிக்க 3 நொடி. ஆக எவ்வளவு மோசமான உறைவும் 56ஆவது நொடிக்குள் தீர்ந்துவிடும். நான் அடுத்த பூஜ்ஜியத்தில் வந்து பார்க்கும்போது வீடு துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பதினைந்தில் ஒரு வாய்ப்பு என்று நான் போட்ட கணக்கு, இரண்டு கடிகாரங்களும் ஒன்றையொன்று சாராமல் ஓடினால் மட்டுமே பொருந்தும். இங்கே வாய்ப்பு சுத்தமாகப் பூஜ்ஜியம். அரை நிமிட இடைவெளி வைத்திருந்தால் பிடிபட்டிருக்கும். அதைவிட எளிதாக, 1 நிமிடத்தையே வைத்துக்கொண்டு நிரலின் முதல் வரியில் 20 நொடி தூங்கச் சொல்லியிருந்தாலும் பிடிபட்டிருக்கும். புரொமீதியஸ் இந்த வகையில் புத்திசாலி. ஒவ்வோர் இலக்கையும் இடைவெளிக்குள் வெவ்வேறு தருணத்தில் கேட்கும்படி அதுவாகவே கலைத்துவிடுகிறது.

ஒருமுறை கண்ணால் பார்த்தது போதாது என்பதால், அடுத்த மூன்று நாள் பதிவுசெய்ய ஒரு சிறு மாதிரி எடுப்பான் எழுதினேன். ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே செயலில் உள்ள அமர்வுகளை, அதாவது வேலையில் இருக்கும் இணைப்புகளை, மட்டும் நொடிக்கு ஒருமுறை நினைவகத்தில் குறித்துக்கொண்டு, பத்தில் ஒரு மாதிரியை மட்டும் வட்டில் நிரந்தரமாக வைப்பார்கள். விரிவான புள்ளிவிவர நகல் எடுப்பது மணிக்கு ஒருமுறைதான். அந்த யோசனையைத்தான் கடன் வாங்கினேன்.

இரண்டாவது தவறிலிருந்து கற்றதை வைத்து இதைக் கட்டினேன். ஒரே ஓர் இணைப்பைத் திறந்து அதையே கடைசிவரை வைத்துக்கொள்கிறது; நொடிக்கு ஒன்று திறப்பதில்லை. அந்த இணைப்புக்கு 800 மில்லிநொடி கால வரம்பு. ஓய்ந்திருக்கும் இணைப்புகளை விட்டுவிட்டு, வேலையிலோ பரிவர்த்தனைக்கு நடுவிலோ இருப்பவற்றை மட்டும் எடுக்கிறது: அமர்வு எண், தொடங்கிய நேரம், காத்திருக்கும் வகை, வினவலின் அடையாள எண். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று சொல்லும் பிஜி-பிளாக்கிங்-பிட்ஸ் என்ற செயல்கூறை மட்டும் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது. அது பூட்டு நிர்வாகியின் பொது நினைவகத்தைச் சில கணங்கள் தனதாக்கிக்கொள்கிறது, அடிக்கடி அழைத்தால் வேகம் பாதிக்கப்படலாம் என்று போஸ்ட்கிரெஸின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே காத்திருப்பு வகை 'பூட்டு' என்று இருக்கும் அமர்வுகளுக்கு மட்டும் அதை அழைக்கிறேன். விளைவுகள் மினி பிசியில் உள்ள கோப்புக்குப் போகின்றன. கண்காணிக்கப்படும் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதும் பழக்கத்தை விட்டொழித்தேன்.

சராசரியாக நொடிக்கு 4 அமர்வுகள் அகப்பட்டன. நாளுக்கு ஏறத்தாழ 3.5 லட்சம் வரிகள், வரிக்கு 200 பைட் வைத்தால் 70 எம்பி. எல்லாவற்றையும் நொடிக்கு ஒருமுறை உறிஞ்சிய முந்தைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பயனோ பல மடங்கு.

இங்கேயும் அரை நாள் வீணானது. தடுத்துக்கொண்டிருந்த அமர்வு எந்த அறிக்கையுடையது என்று பார்க்க, அறிக்கைச் செயலியின் பதிவோடு ஒப்பிட்டேன். நேரங்கள் பொருந்தவே இல்லை. செயலி ஓடும் இயந்திரத்தின் கடிகாரம் 4 நொடி பின்தங்கியிருந்தது. 5 நிமிட இடைவெளியில் யாருக்கும் உறுத்தாத 4 நொடி, 1 நொடி இடைவெளியில் எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. மூன்று இயந்திரங்களிலும் கடிகாரங்களை ஒத்திசைக்கும் கிரோனியை நிறுவிய பிறகுதான் வரிசை நேரானது.

மூன்று நாளில் 11 உறைவுகள் பதிவாகின. அத்தனையிலும் ஒரே அமைப்பு. மேலாளர்களில் யாரோ இருப்பு அறிக்கையைத் திறந்திருப்பார். அது சுருக்கத்தின்மேல் வாசிப்புப் பூட்டை வைத்திருக்கும். புதுப்பிக்கும் கட்டளை முழுத் தனிப்பூட்டு கேட்டு அதன்பின் நிற்கும். பில்லிங் வினவல்கள் அனைத்தும் அதன்பின் நிற்கும். அறிக்கை யாரும் திறக்காத நேரங்களில் உறைவு 3 நொடியோடு முடிந்துவிடுவதால், அதை யாரும் புகாராகச் சொன்னதில்லை. தீர்வு: சுருக்கத்துக்கு ஒரு தனித்துவக் குறியீட்டை (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் யுனிக் இண்டெக்ஸ்) அமைத்துவிட்டு, புதுப்பிக்கும் கட்டளையில் 'கன்கரன்ட்லி' என்ற சொல்லைச் சேர்த்தேன். வாசிப்பவர்களைத் தடுக்காத பூட்டோடு அது வேலை செய்கிறது. 3 நொடியில் முடிந்தது இப்போது 7 நொடி எடுக்கிறது. யாருக்கும் கவலை இல்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, எதை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது என்பதை முழுவதும் மாற்றி அமைத்தேன். எண்கள் இரண்டு வகை என்பதைப் பிரித்துப் பார்த்தது பெரிய தெளிவைக் கொடுத்தது. ஒன்று, மின்வாரிய மீட்டர்போல ஏறிக்கொண்டே போகும் கணக்கு: எத்தனை பரிவர்த்தனை, எத்தனை பக்கங்கள் படிக்கப்பட்டன, எத்தனை முறை ஒரு வினவல் ஓடியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மீட்டரைப் பார்த்தாலும் ஒரு யூனிட்கூடத் தப்பாது. எந்த நாளில் ஏசி ஓடியது என்பது மட்டும்தான் தெரியாமல் போகும். மற்றொன்று, ரேஷன் கடை வாசலில் இப்போது யார் நிற்கிறார்கள் என்பதுபோன்ற நிலை. பார்க்காத நேரத்தில் நின்றுவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. முதல் வகையைச் சாவகாசமாக எடுக்கலாம். இரண்டாம் வகையை, பிடிக்க நினைக்கும் சிக்கலின் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளாவது எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வரையறை வைத்துக்கொண்டேன். 15 நொடி உறைவைப் பிடிக்க 3 நொடி போதும். வினவல் மலிவானது என்பதால் 1 நொடி வைத்திருக்கிறேன்.

முதல் வகையை நொடிக்கு ஒருமுறை எடுப்பதில் இன்னோர் ஏமாற்றமும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஓடிக்கொண்டிருக்கும் வினவலின் கணக்கு, அது முடிந்து அந்த அமர்வு ஓய்வுக்குப் போகும்போதுதான் பொதுக் கணக்கில் சேர்கிறது. 1 நொடி வரைபடம் ஓடிய அந்த ஒன்றரை நாளில், ஒரே நொடியில் 2 கோடி வரிகள் படிக்கப்பட்டதாக ஒரு கூர்மையான முனையைப் பார்த்து அதன்பின்னே ஒரு மணிநேரம் ஓடினேன். அது ஆறு நிமிடம் நிதானமாக ஓடிய ஓர் இரவு அறிக்கையின் கணக்கு; முடிந்த நொடியில் மொத்தமாக வந்து விழுந்திருந்தது.

இப்போதைய ஏற்பாடு இப்படி. செயலில் உள்ள அமர்வுகள் 1 நொடி. தரவுத்தள அளவிலான கணக்குகள், நிலைவாரியாக இணைப்புகளின் எண்ணிக்கை, சிபியு, வட்டு ஆகியவை 10 நொடி. வினவல் புள்ளிவிவரம் 1 நிமிடம், எழுத்து வடிவம் இல்லாமல். எழுத்து வடிவத்தை மட்டும் மணிக்கு ஒருமுறை தனியாக எடுத்து அடையாள எண்ணோடு இணைத்துக்கொள்கிறேன். நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதும் செக்பாயின்ட்டின் விவரமும் 1 நிமிடம்; அது இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை நடப்பது என்பதால் அதற்குக் கீழே போவதில் பொருளில்லை. அட்டவணைகளின் அளவு இரவு 2.40க்கு ஒருமுறை, அதுவும் 100 மில்லிநொடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் அந்த அட்டவணையைத் தாண்டிப் போய்விடு என்ற நிபந்தனையோடு. வட்டில் மீதமுள்ள இடம் மட்டும் 1 நிமிடம், ஏனென்றால் ஒரு தவறான வினவல் தற்காலிகக் கோப்புகளால் வட்டை நிரப்ப ஒரு மணிநேரம்கூட வேண்டியதில்லை. துப்புரவு செய்யாமல் எத்தனை பரிவர்த்தனைகள் கடந்தன என்று காட்டும் பரிவர்த்தனை எண்களின் வயது நாளுக்கு ஒருமுறை; 20 கோடியை எட்டினால் போஸ்ட்கிரெஸ் தானே கட்டாயத் துப்புரவைத் தொடங்கும் என்பதால் அங்கே அவசரம் ஏதுமில்லை. நொடிக் கணக்குகளைக் கொண்டு தொலைபேசியில் எச்சரிக்கை அனுப்பும் ஆசையை ஒரே இரவில் விட்டேன்; அன்று 31 முறை மணி அடித்தது, ஒன்றுகூட எழுந்து உட்காரத் தகுந்ததாக இல்லை. எச்சரிக்கை இப்போது 2 நிமிடம் தொடர்ந்து நீடிக்கும் நிலைகளுக்கு மட்டும்தான்.

அடுத்த முறை வேறு சர்வரில் இதேபோல் தொடங்க நேர்ந்தால், எதையும் வாங்குவதற்கு முன் தரவுத்தளத்தின் பதிவேட்டில் மூன்று அமைப்புகளை மாற்றிவிட்டுத்தான் உட்காருவேன். பூட்டுக்காகக் காத்திருப்போரை எழுது என்று சொல்லும் லாக்-லாக்-வெயிட்ஸ் முதலாவது. 14ஆம் பதிப்பில் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. இயக்கினால், 1 நொடிக்கு மேல் காத்திருக்கும் ஒவ்வோர் அமர்வையும், அதைத் தடுப்பவரின் எண்ணோடு எழுதிவைக்கும். சர்வரை நிறுத்தவும் வேண்டியதில்லை, அமைப்பை மறுபடி படிக்கச் சொன்னால் போதும். 1 நொடிக்கு மேல் ஓடும் வினவல்களைப் பதிவுசெய்வது இரண்டாவது. 10 எம்பியைத் தாண்டும் தற்காலிகக் கோப்புகளைப் பதிவுசெய்வது மூன்றாவது. நிகழ்ச்சியைத் தரவுத்தளமே எழுதிவைக்கும்போது, எட்டிப்பார்க்கும் இடைவெளி பற்றிய கேள்வியே எழுவதில்லை. ரூ.17,700 செலவழித்து இரண்டு மாதம் தேடியதை முதல் அமைப்பு மட்டுமே முதல் நாள் காலை 10.15.09க்குச் சொல்லியிருக்கும். பிறகும் மாதிரி எடுப்பான் தேவைதான். காத்திருந்தவர்கள் பூட்டுக்காக அல்லாமல் வட்டுக்காகக் காத்திருந்தால் அந்தப் பதிவேடு வாய் திறக்காது.

ஒரு நொடிக்குள் தோன்றி மறையும் தடங்கல்கள் இன்னும் என் கண்ணில் படுவதில்லை. 10 மில்லிநொடிக்கு ஒருமுறை காத்திருப்புகளைச் சர்வருக்குள்ளிருந்தே எண்ணும் பிஜி-வெயிட்-சாம்ப்ளிங் என்ற நீட்சி இருக்கிறது. அதை ஏற்றச் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும், கவுன்டரிலிருந்து அதற்கான புகாரும் இல்லை என்பதால் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில்தான் இப்போது கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். நொடி மாதிரிகளை 7 நாளும், அவற்றில் பத்தில் ஒன்றை 60 நாளும் வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து 1 ஜிபிக்குள் அடங்கிவிடுகின்றன. புரொமீதியஸ் இயல்பாக 15 நாளோடு எல்லாவற்றையும் அழித்துவிடும், அதை 90 நாளாக நீட்டினேன். ஆனால் எங்கள் கடையில் சர்வர் உண்மையில் திணறுவது ஆண்டில் ஒருநாள், மார்ச் 31 கணக்கு முடிக்கும் அன்று. அந்த நாளை அதற்கு முந்தைய மார்ச் 31 உடன் ஒப்பிடாமல் வேறெதனோடு ஒப்பிட்டும் பயனில்லை. ஆகவே மணிவாரியாகச் சுருக்கிய கணக்கை மட்டும் 400 நாளைக்கு வைக்கும்படி நேற்று ஒரு சிறு நிரல் எழுதி, நிமிடத்தின் 37ஆவது நொடியில் தொடங்கும்படி வைத்திருக்கிறேன்.